பின்பக்கம் தாழ்ந்த வாகனம்: சாமான் வாங்குமுன் அளந்து பாருங்கள்

எமது வியாபாரிகளில் பலர் இன்னும் பழைய வாகனத்தில்தான் சரக்கு ஏற்றுகிறோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களின் விலை ஏறிய ஏற்றத்தை நான் சொல்லத் தேவையில்லை. கையில் இருப்பதைத் திருத்தி ஓட்டுவதே எம்மைப் போன்றவர்களுக்கு இலாபம். ஆனால் தவறான சாமானுக்குக் காசு கொடுத்துத் திருத்தினால் அது நட்டக் கணக்கில்தான் சேரும். அப்படி இரண்டு முறை நட்டப்பட்டவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது டொயோட்டா கொரோலா டி.எக்ஸ். வேகன். இதே கொரோலாவின் செடான் காரில் பின்பக்கம் சுருள் ஸ்பிரிங். வேகனில் லொறியைப் போலத் தகடு அடுக்கிய லீஃப் ஸ்பிரிங். அதனால்தான் கடைக்காரர்கள் இதை விரும்பி வாங்கினார்கள். நானும் புறக்கோட்டையில் சீனி மூட்டை ஏற்றிக்கொண்டு கண்டிப் பக்கம் வருவேன். 2008இல் ஓர் இரவு, எதிரே வந்த வாகனம் ஒவ்வொன்றும் எனக்கு லைட் அடித்து ஏசியது. என் லைட் அவர்கள் கண்ணில் அடித்திருக்கிறது. கடுகண்ணாவை ஏற்றத்தில் ஸ்டியரிங் பாரமில்லாமல் கையில் ஆடியது. மறுநாள் சரக்கை இறக்கிய பிறகும் வால் எழும்பவில்லை.

"ஷொக் போயிட்டுது நானா, மாத்துங்க" என்றார் பக்கத்துக் கடைத் தம்பி. பஞ்சிகாவத்தைக்குப் போய் இரண்டு புதிய ஷொக் அப்சோபர் வாங்கிப் பூட்டினேன். வாகனம் ஓர் அங்குலம்கூட உயரவில்லை.

ஏன் என்பது பிறகுதான் விளங்கியது. வாகனத்தின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். ஷொக்கின் வேலை ஸ்பிரிங் துள்ளுவதை அடக்குவது மட்டும்தான். ஷொக் பழுதானால் வாகனம் பள்ளத்தில் விழுந்த பின் இரண்டு மூன்று தடவை ஆடும், எண்ணெய் கசியும். ஆனால் வால் தாழாது. ஆகவே தாழ்ந்த வாகனத்துக்கு ஷொக் மாற்றுவது, தராசுத் தட்டு வளைந்திருக்கப் படிக்கல்லை மாற்றுவது போன்றது.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரிது. வீதியோர வேலைத்தளம் ஒன்றில் பக்கத்துக்கு ஒரு தகடு கூடுதலாகப் போட்டுத் தந்தார்கள். வால் நிமிர்ந்து நின்றது. எனக்கும் ஆசை வந்தது. எட்டு மூட்டை ஏற்றிய இடத்தில் பத்து ஏற்றினேன். மூன்று மாதத்தில், ஸ்பிரிங்கை சேஸியோடு பிடிக்கும் இடம் வெடித்து விட்டது. அதற்கு முன்பே மழை நாளொன்றில், வெறும் வாகனத்தில் பிரேக் பிடிக்க, பின்பக்கம் சறுக்கி வீதிக்குக் குறுக்கே திரும்பியது. பாரமில்லாத நேரம் அந்தக் கடின ஸ்பிரிங் வளையாமல் துள்ளுகிறது; துள்ளும் டயர் வீதியைப் பிடிப்பதில்லை. அன்று எதிரே பஸ் வராதது என் நல்ல காலம்.

வெடிப்பைக் கண்டுபிடித்த வயதான பாஸ் என்னிடம் கேட்டார்: "முதலாளி, ஸ்பிரிங்குக்குத் தகடு போட்டீர்கள். பிரேக்குக்கும் டயருக்கும் அக்சலுக்கும் என்ன போட்டீர்கள்?" என்னிடம் பதில் இல்லை.

அவர் முதலில் செய்தது அளந்து பார்த்ததுதான். இதை எவரும் வீட்டு முற்றத்தில் செய்யலாம். டயர்க் காற்றைச் சரிபார்த்து, சரக்கை எல்லாம் இறக்கி, சமதரையில் நிறுத்துங்கள். சக்கரத்தின் நடுவிலிருந்து நேர் மேலே மட்கார்ட் விளிம்பு வரை டேப் பிடியுங்கள். இரண்டு பக்கமும் எழுதி வையுங்கள். எனக்கு இடப்பக்கம் 34 சென்றிமீற்றர் இருக்க வலப்பக்கம் 31தான் இருந்தது. ஒரு பக்கம் மட்டும் இவ்வளவு தாழ்ந்திருந்தால் தகடு ஏதும் உடைந்திருக்கலாம், அல்லது தகடுகளைக் கோக்கும் நடுப் போல்ட் அறுந்து அடுக்கு விலகியிருக்கலாம். எனக்கு நடுவில் ஒரு தகடு உடைந்து, துருவுக்குள் மறைந்து கிடந்தது. இரண்டு பக்கமும் ஒரே அளவாகத் தாழ்ந்திருந்தால் ஸ்பிரிங் களைத்துவிட்டது என்று எடுக்கலாம். உருக்கும் மனிதனைப் போல, ஆண்டுக்கணக்கில் சுமந்தால் வளைவை இழக்கும்.

பரிகாரம் மூன்று உண்டு. பொருத்தமான புதிய ஸ்பிரிங் கிடைத்தால் அதுதான் முதல் தரம். அடுத்தது நல்ல வளைவுள்ள பாவித்த ஜப்பான் ஸ்பிரிங். ஆனால் இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வளைவு சமமா என்று பார்த்து வாங்குங்கள். மூன்றாவது, பழைய தகடுகளுக்கே வளைவு எடுப்பது. இதைச் சூடாக்காமல் அழுத்தி வளைக்கும் இடத்தில் கொடுக்க வேண்டும். கொல்லன் உலையில் பழுக்கக் காய்ச்சி அடித்தால் உருக்கின் பதம் போய்விடும். சில மாதத்தில் பழையபடி தட்டையாகும். எந்த வழியானாலும் இரண்டு பக்கமும் சேர்த்தே செய்யுங்கள்.

பூட்டும்போது கஞ்சத்தனம் வேண்டாம். யூ போல்ட்டும் ரப்பர் புஷ்ஷும் புதிதாகப் போடுங்கள். யூ போல்ட் ஒருமுறை இறுக்கினால் நீண்டுவிடும், திரும்பப் பாவிப்பது நல்லதல்ல. புஷ் போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்குவது வாகனத்தைச் சக்கரத்தில் இறக்கிய பிறகுதான். தொங்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். 500 கிலோமீற்றர் ஓடியதும் யூ போல்ட்டை மீண்டும் இறுக்க வேண்டும். இதை எந்தக் கராஜும் ஞாபகப்படுத்தாது, நீங்கள்தான் போக வேண்டும். லைட்டின் மட்டத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். சில வேன்களில் பின் அக்சலோடு கம்பியால் தொடுத்த பிரேக் வால்வு ஒன்று இருக்கும். அது உயரத்தை வைத்தே பாரத்தை அறிகிறது. வாலை அளவுக்கு மேல் உயர்த்தினால் வாகனம் வெறுமையாக இருப்பதாக நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும்.

சுருள் ஸ்பிரிங் வாகனம் வைத்திருப்போர் சுருளுக்கிடையே ரப்பர்க் கட்டை செருகுகிறார்கள். வால் எழும்பும், உண்மைதான். ஆனால் அந்தச் சுருள் வளையாமல் போக, மற்றச் சுருள்கள் கூடுதலாக வளைந்து உடையும். புதிய சோடி போடுங்கள். ஆனால் வீட்டில் கழற்ற முயலாதீர்கள். அழுத்திய சுருள் துள்ளினால் ஆளையே அடிக்கும்.

இனி எங்கள் பக்கத் தவறு. ஐந்து பேர் 65 கிலோ வீதம் 325 கிலோ. எட்டுச் சீனி மூட்டை 400 கிலோ, நானும் பையனும் இன்னும் 130. இதிலேயே 530 ஆகிவிட்டது. அதைவிட முக்கியம், எங்கே வைக்கிறோம் என்பது. இந்த வேகனின் முன் பின் சக்கரங்களுக்கிடையே 240 சென்றிமீற்றர். பின் அக்சலுக்கு 60 சென்றிமீற்றர் பின்னால் 100 கிலோவை வைத்தால், பின் ஸ்பிரிங்குகளில் 125 கிலோ விழும். முன்பக்கத்தில் 25 கிலோ குறையும். கடுகண்ணாவையில் என் ஸ்டியரிங் ஆடியதும் இதனால்தான். கதவைத் திறந்ததும் கைக்கெட்டும் இடத்தில் மூட்டையைப் போட்டுப் பழகியவர்கள் நாங்கள்.

இப்போது பின் சீட்டை மடித்து, முன் சீட்டோடு ஒட்டி முதல் மூட்டை. ஆறுக்கு மேல் ஏற்றுவதில்லை, மிச்சம் லொறியில் வருகிறது. ஆறு மாதத்துக்கொருமுறை டேப் பிடித்துக் கடைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறேன். கடைசியாக எழுதியது இடம் 36, வலம் 35½.