நிலத்துக்கு நோட்டீஸ் வந்தால் விவசாயி செய்ய வேண்டியது என்ன?

சாலை, ரயில் பாதை, கால்வாய், தொழிற்பேட்டை என்று பல காரியங்களுக்காக விவசாய நிலங்கள் ஆர்ஜிதம் செய்யப்படுகின்றன. "சர்க்கார் நினைத்தால் எடுத்துக் கொள்ளும், நாம் என்ன செய்ய முடியும்?" என்று வந்த நோட்டீசை மடித்துப் பெட்டியில் வைத்து விடும் விவசாயிகள் இன்றும் உண்டு. சர்வேயர் வந்து கல் நட்ட பிறகே வக்கீலைத் தேடி ஓடுகிறார்கள். அதற்குள் ஆட்சேபம் சொல்ல வேண்டிய கெடு முடிந்து போயிருக்கும்.

பொதுக் காரியத்துக்காக நிலத்தை எடுக்கும் அதிகாரம் அரசுக்கு இருப்பது உண்மைதான். ஆனால் அந்த அதிகாரத்துக்கு அரசியல் சட்டம் வரம்பு கட்டியிருக்கிறது. அந்த வரம்பு என்ன என்பதைப் பட்டா வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அறிந்து வைத்திருப்பது நல்லது.

சொத்துரிமை போய்விட்டதா?

1950-ம் ஆண்டு ஜனவரி 26-ம் தேதி அரசியல் சட்டம் அமலுக்கு வந்தபோது, சொத்துரிமை அடிப்படை உரிமைகளில் ஒன்றாக இருந்தது. 1978-ம் ஆண்டின் 44-வது திருத்தம் அதை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்து விட்டது. 1979 ஜூன் 20-ம் தேதி முதல் இம்மாற்றம் அமலில் இருக்கிறது. இதை வைத்து, சொத்துரிமையே போய்விட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியல்ல.

அதே திருத்தம் 300-ஏ என்ற புதிய ஷரத்தைச் சேர்த்தது. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எவருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்பது அதன் சாரம். அதாவது, ஓர் அதிகாரியின் வாய்மொழி உத்தரவோ, இலாகாவின் கடிதமோ போதாது. சட்டசபையோ பார்லிமெண்டோ இயற்றிய சட்டம் இருக்க வேண்டும். அது சொல்லும் முறைப்படி நடக்க வேண்டும்.

மாறியது ஒன்று உண்டு. அடிப்படை உரிமை மீறப்பட்டால் 32-வது ஷரத்தின்படி நேரே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போகலாம். சொத்துரிமைக்கு மட்டும் அந்த வழி இப்போது இல்லை. 226-வது ஷரத்தின்படி ஹைகோர்ட்டில் ரிட் மனு போடலாம். நம் மாநிலத்தில் சென்னையிலும் மதுரைக் கிளையிலும் இதற்கு வசதி உண்டு.

தானே உழுபவருக்குத் தனிப் பாதுகாப்பு

சொந்தமாகப் பயிர் செய்யும் விவசாயிக்கு அரசியல் சட்டத்தில் இன்னொரு பாதுகாப்பும் இருக்கிறது. இது பலருக்குத் தெரியாது. இதற்கும் நம் மாநிலத்துக்கும் தொடர்பு உண்டு.

1961-ம் ஆண்டின் சென்னை மாநில நில உச்சவரம்புச் சட்டத்தை 1964-ல் சுப்ரீம் கோர்ட் செல்லாது என்றது. அதே ஆண்டில் அரசியல் சட்டத்தின் 17-வது திருத்தம் வந்தது. அது உச்சவரம்புச் சட்டங்களுக்குக் காப்பு அளித்தது. ரயத்துவாரி நிலங்களையும் அந்த வளையத்துக்குள் கொண்டு வந்தது. அதோடு சிறு விவசாயியைக் காக்க 31-ஏ ஷரத்தில் ஒரு நிபந்தனையையும் சேர்த்தது. ஒருவர் தாமே பயிர் செய்யும் நிலம் உச்சவரம்புக்கு உட்பட்டதாக இருந்தால், மார்க்கெட் விலைக்குக் குறையாத நஷ்ட ஈடு தர வகை செய்யாத சட்டத்தைக் கொண்டு அதை எடுக்கக் கூடாது என்பதே அந்த நிபந்தனை. 44-வது திருத்தத்துக்குப் பிறகும் இது நீடிக்கிறது. தமிழ்நாட்டில் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு உச்சவரம்பு 15 ஸ்டாண்டர்டு ஏக்கர் என 1970-ல் குறைக்கப்பட்டது.

ஏழு உரிமைகள்

300-ஏ ஷரத்து ஒரே வாக்கியம்தான். அதற்குள் என்னென்ன அடங்கும் என்பதை 2024 மே மாதம் கல்கத்தா மாநகராட்சி வழக்கில் சுப்ரீம் கோர்ட் விளக்கிச் சொன்னது. ஒரு பூங்காவுக்காக நிலம் எடுத்தது பற்றிய வழக்கு அது. அத்தீர்ப்பில் கூறப்பட்ட ஏழு உரிமைகள் வருமாறு:

1. நிலம் எடுக்கப் போவதை உரியவருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.
2. அவருடைய ஆட்சேபத்தைக் கேட்க வேண்டும்.
3. முடிவைக் காரணத்துடன் அவருக்குத் தெரிவிக்க வேண்டும்.
4. பொதுக் காரியத்துக்காகவே எடுக்க வேண்டும்.
5. நியாயமான நஷ்ட ஈடும் மறுவாழ்வும் தர வேண்டும்.
6. இழுத்தடிக்காமல், திறம்பட நடத்த வேண்டும்.
7. நடவடிக்கையை முறையாக முடித்து, நிலம் அரசிடம் சேர வேண்டும்; பாதியில் தொங்க விடக் கூடாது.

நஷ்ட ஈடு கொடுத்து விட்டால் மட்டும் போதாது, மற்ற படிகளும் நடந்திருக்க வேண்டும் என்பது இத்தீர்ப்பின் முக்கிய அம்சமாகும்.

முறையின்றி எடுத்தால் அது எத்தனை ஆண்டுகளானாலும் முறையாகி விடாது என்பதற்கும் தீர்ப்பு உண்டு. இமாச்சலப் பிரதேசம் ஹமீர்பூர் மாவட்டத்தில், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு விதவையின் நிலம் 1967-68-ல் சாலைக்காக எடுக்கப்பட்டது. நோட்டீசும் இல்லை, நஷ்ட ஈடும் இல்லை. நீண்ட காலம் அனுபவித்து வருவதால் நிலம் தனக்கே சொந்தம் என்று கூட மாநில அரசு வாதாடியது. 2020 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் அதை ஏற்கவில்லை. குடிமக்களின் நிலத்தில் அரசு அனுபோக பாத்தியம் கொண்டாட முடியாது என்று கூறி, நஷ்ட ஈடு வழங்க உத்தரவிட்டது. அப்போது அந்த மூதாட்டிக்கு வயது 80. நியாயம் கிடைத்தது, ஆனால் அரை நூற்றாண்டு சென்றது.

நோட்டீசில் பார்க்க வேண்டியவை

முதலில் பார்க்க வேண்டியது, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் நோட்டீஸ் வந்திருக்கிறது என்பதை. 1894-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2013-ம் ஆண்டின் நில ஆர்ஜிதச் சட்டம் 2014 ஜனவரி 1 முதல் அமலில் உள்ளது. ஆனால் தேசிய நெடுஞ்சாலைகளுக்கு 1956-ம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. தமிழ்நாட்டில் தொழில் காரியங்களுக்கு 1997-ம் ஆண்டுச் சட்டமும், மாநில நெடுஞ்சாலைகளுக்கு 2001-ம் ஆண்டுச் சட்டமும் உள்ளன. இவ்விரண்டையும் காக்கும் மாநிலச் சட்டத்தை 2021 ஜூனில் சுப்ரீம் கோர்ட் செல்லும் என்றது.

சட்டத்துக்குச் சட்டம் கெடு மாறும். 2013-ம் ஆண்டுச் சட்டப்படி, முதல் அறிவிப்பு வெளியான நாளிலிருந்து 60 நாட்களுக்குள் கலெக்டரிடம் எழுத்து மூலம் ஆட்சேபம் தர வேண்டும். தேசிய நெடுஞ்சாலை என்றால் 21 நாட்கள்தான்.

ஆட்சேப மனுவில் "நிலம் தர மாட்டோம்" என்று மட்டும் எழுதிப் பயனில்லை. சர்வே எண், பரப்பு, பாசன வசதி, சாகுபடி, கிணறு, மரங்கள் ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டும். வேறு இடம் இருந்தால் அதைச் சுட்டிக் காட்டலாம். பாசன வசதியுள்ள பல போக நிலத்தை வேறு வழியில்லாத நிலையில்தான் எடுக்கலாம் என்று 2013-ம் ஆண்டுச் சட்டத்தின் 10-வது பிரிவு கூறுவதை எடுத்துக் காட்டலாம். நேரில் விசாரிக்க வேண்டும் என்றும் கேட்க வேண்டும். மனுவைக் கொடுத்ததற்கு ஒப்புகை பெறுவது அவசியம்.

திட்டத்தின் வரைபடமும் கோப்பும் வேண்டுமானால், 2005-ம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்துடன் மனுச் செய்யலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

நஷ்ட ஈடு எப்படிக் கணக்கிடப்படுகிறது?

அரசு வழிகாட்டி மதிப்பு, சுற்று வட்டாரத்தில் முந்தைய மூன்று ஆண்டுகளில் பதிவான கிரயங்களில் உயர்ந்த பாதியின் சராசரி ஆகியவற்றில் எது அதிகமோ அதுவே மார்க்கெட் விலை. கிராமப்புறத்தில் இதை 1 முதல் 2 வரை மாநில அரசு நிர்ணயித்துள்ள எண்ணால் பெருக்க வேண்டும். கிணறு, மரம், கட்டிடங்களின் மதிப்பைக் கூட்டி, மொத்தத்துக்குச் சமமான ஆறுதல் தொகையும் சேர்க்க வேண்டும். உதாரணமாக, ஏக்கர் 10 லட்ச ரூபாய் எனில், பெருக்கும் எண் 1 ஆக இருந்தாலும் 20 லட்சம் வர வேண்டும். மார்க்கெட் விலைக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் கூடுதல் தொகையும் உண்டு.

முத்திரைக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கக் கிரயத்தைக் குறைத்துக் காட்டிப் பதிவு செய்யும் பழக்கம் இங்கேதான் ஊருக்கே கேடாக முடிகிறது. அந்தப் பத்திரங்களை வைத்துத்தானே அக்கம்பக்கத்து நிலத்துக்கும் விலை போடுவார்கள்!

நிலச் சொந்தக்காரர் மட்டுமல்ல. மூன்று ஆண்டுகளாக அந்த நிலத்தையே பிரதான ஜீவனமாகக் கொண்ட குத்தகைதாரரும் விவசாயக் கூலியும் கூட இச்சட்டப்படி பாதிக்கப்பட்ட குடும்பத்தினரே. குத்தகைப் பதிவு செய்து வைத்திருந்தால் நிரூபிப்பது சுலபம்.

கையெழுத்துப் போடும் முன்

நஷ்ட ஈடு போதாது என்று நினைப்பவர்கள் பணத்தை வாங்கிக் கொண்டே மேல் நடவடிக்கை எடுக்கலாம். ஆனால் ரசீதில் "ஆட்சேபணையுடன் பெற்றுக் கொண்டேன்" என்று எழுதியே கையெழுத்திட வேண்டும். இந்தச் சொற்கள் இல்லாமல் வாங்கியவர், தொகையை உயர்த்தக் கேட்கும் உரிமையை 2013-ம் ஆண்டுச் சட்டத்தின் 77-வது பிரிவுப்படி இழந்து விடுகிறார். தீர்வம் வழங்கும்போது ஆஜராக இருந்தவர் ஆறு வாரங்களுக்குள் கலெக்டரிடம் மனுக் கொடுத்து, விஷயத்தை உரிய ஆணையத்துக்கு அனுப்பச் செய்ய வேண்டும்.

வழக்குச் செலவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. அரசியல் சட்டத்தின் 39-ஏ ஷரத்து இலவச சட்ட உதவிக்கு வழி சொல்கிறது. 1987-ம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், உடல் ஊனமுற்றோர், வருமானம் குறைந்தவர்கள் இதைப் பெறலாம். தாலுகா கோர்ட்டில் உள்ள சட்டப் பணிகள் குழுவை அணுக வேண்டும்.

பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று ஆகியவற்றை இப்போதே சரிபார்த்து வைத்துக் கொள்ளுங்கள். பட்டா இறந்து போன தகப்பனார் பெயரிலேயே இருந்தால் நோட்டீசும் அவர் பெயருக்கே வரும். வாரிசுகள் உடனே பெயர் மாற்றிக் கொள்ள வேண்டும்.