ஃபாயில் காலண்டர் பொன்னாகும் விதம்

சிவகாசி ஃபாயில் காலண்டரில் லட்சுமியின் கிரீடம் தங்கமாக மின்னுகிறதே, அங்கே பெரும்பாலும் தங்க மை என்று ஒன்று கிடையாது. அடியில் இருப்பது அலுமினியம். மேலே படிந்திருப்பது மற்ற படங்களுக்கு ஓடும் அதே மஞ்சள் மை. பளபளக்கும் உலோகப் பரப்பின் மேல் ஒளியை ஊடுருவ விடும் நிறத்தை மெல்லியதாகப் பூசினால், உலோகமே அந்த நிறத்தில் பிறந்தது போலத் தெரியும். குரோம் பூசிய பைக் பாகங்களுக்கு 'கேண்டி' பெயின்ட் அடிப்பவர்கள் நம்பியிருப்பதும் இதே வித்தையைத்தான்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. ஐரோப்பாவில் சுவரில் மாட்டும் தோல் திரைகளில் வெள்ளி ரேக்கு ஒட்டி, அதன் மேல் மஞ்சள் வார்னிஷ் பூசிப் பொன்னாக்கும் தொழில் பல நூற்றாண்டுகள் நடந்திருக்கிறது. சிவகாசியில் இந்த உத்திக்குக் கிடைத்த இடம் அச்சகம். 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அச்சகங்கள் பெருகியபின் காலண்டர் வந்தது. பக்கத்து ஊரான கோவில்பட்டியில் சி. கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய சீடர்களும் காலண்டருக்கென்றே சாமி படங்கள் வரைந்தார்கள். தாளில் அச்சாகும் படத்தில் நகை மின்ன வேண்டுமானால் மஞ்சள், பழுப்பு, ஓரிரு வெள்ளைப் புள்ளி என்று ஓவியர்தான் மினுக்கத்தைத் தீட்டிக் காட்ட வேண்டும். ஃபாயில் வந்தபின் அந்த வேலையை அடித்தளமே எடுத்துக்கொண்டது.

ஃபாயில் என்று அச்சகத்தில் சொன்னாலும், பல சமயம் அது முழு உலோகத் தகடு அல்ல. சுமார் 12 மைக்ரான் பாலியெஸ்டர் படலத்தை வெற்றிட அறையில் ஓடவிட்டு, ஆவியாக்கிய அலுமினியத்தை அதன் மேல் படிய வைப்பார்கள். உலோகத்தின் கனம் சில பத்து நானோமீட்டர்தான். அந்தப் படலத்தை அட்டையோடு ஒட்டினால் அச்சுக்கான ஷீட் தயார். பட்டாசுப் பெட்டியிலும் புஸ்வாணத்தின் மேல் சுற்றிலும் ஜிகினாவாக மின்னுவதும் இதன் உறவுதான். அலுமினியம் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஏறக்குறைய 90 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது. குரோமியம் அனுப்புவது மூன்றில் இரண்டு பங்கு அளவுதான், அதிலும் லேசான நீலச் சாயல் உண்டு. ஆகவே ஒரே மஞ்சள், குரோமின் மேல் சற்று மங்கியும் அலுமினியத்தின் மேல் துலக்கமாகவும் விழுகிறது.

மையும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். ஒளி மைப்படலத்துக்குள் இறங்கி, உலோகத்தில் பட்டு, மறுபடி அதே படலம் வழியாக வெளியேறுகிறது. இரண்டு முறை வடிகட்டப்படுவதால் நிறம் அடர்கிறது. நடுவில் ஒளி சிதறிவிட்டால் பளபளப்பு போய்விடும். நிறமித் துகள் மிக நுண்ணியதாகவும், அதன் ஒளிவிலகல் எண் மையின் எண்ணெய், பிசின் போல 1.5-ஐ ஒட்டியும் இருந்தால் சிதறல் குறைவு. வெள்ளை மையில் உள்ள டைட்டானியம் டை ஆக்சைடுக்கு அந்த எண் ஏறத்தாழ 2.7. அதனால்தான் அது அடியில் இருப்பதை மறைக்கிறது. ஆஃப்செட்டில் ஓடும் மஞ்சள், மெஜந்தா, சயான் மூன்றும் ஏற்கெனவே ஊடுருவும் மைகள். மஞ்சள் மட்டும் விழுந்தால் பொன், கொஞ்சம் மெஜந்தா சேர்ந்தால் செம்பு, சயானும் மஞ்சளும் சேர்ந்தால் மயில் கழுத்து.

ஆனால் ஃபாயிலில் வெள்ளை என்று ஒன்று இல்லை. தாளில் மை விழாத இடம் வெள்ளை, இங்கே மை விழாத இடம் வெள்ளி. முருகனின் முகத்தை நேரடியாக அச்சிட்டால் கன்னம் உலோகத் தகடாக மின்னும், கண்ணின் வெண்மை இருண்டு போகும். எனவே கறுப்பும் சேர்ந்த நான்கு நிறங்களோடு ஐந்தாவதாக ஒரு வெள்ளை பிளேட் போடுகிறார்கள். முகம், கை, பூ, மயிலின் உடல் ஆகியவற்றின் அடியில் வெள்ளை ஓடும். வேல், கிரீடம், பட்டின் சரிகை இவற்றுக்கு ஓடாது. ஆஃப்செட்டில் விழும் மை ஓரிரு மைக்ரான்தான் என்பதால் ஒருமுறை அடித்த வெள்ளை சோகையாகத் தெரியும். இரண்டு முறை ஓட்டுவார்கள், அல்லது கனமாக மை படியும் ஸ்கிரீன் பிரிண்டிங்குக்குப் போவார்கள். நல்ல ஃபாயில் காலண்டரையும் மட்டமானதையும் பிரிப்பது இந்த வெள்ளை பிளேட்தான். எங்கும் மின்னினால் எதுவுமே மின்னாது என்பதைத் தெரிந்த வடிவமைப்பாளர், பாதிக்கு மேல் பளபளப்பை மூடிவிடுவார். விலை கொடுத்து வாங்கிய ஃபாயிலை ஏன் மறைக்க வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்பதும் உண்டு.

தொல்லைகள் மெஷினில் தொடங்குகின்றன. தாள் மையின் எண்ணெயை உறிஞ்சும், பாலியெஸ்டர் உறிஞ்சாது. காற்றில் ஆக்சிஜனேற்றம் ஆகித்தான் மை காய வேண்டும். அதற்குள் ஷீட்டுகளை உயரமாக அடுக்கினால் மேல் ஷீட்டின் முதுகில் கீழ் ஷீட்டின் படம் ஒட்டிக்கொள்ளும். புற ஊதா விளக்கில் நொடியில் இறுகும் யுவி மை இதற்குத் தீர்வு. ஒட்டுவதும் சிக்கல்தான். மழமழப்பான பரப்பில் மை நிற்க கொரோனா மின்வீச்சோ பிரைமர் பூச்சோ தேவை. குரோம் பாகத்துக்கும் இதே நியாயம்: அழுக்கும் எண்ணெயும் நீக்கி, மிக நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, நிறமற்ற பிரைமர் கொடுத்த பிறகே நிறம் பூச வேண்டும். தேய்ப்பு முரடானால் மினுமினுப்பு போய்விடும். கையால் ஸ்பிரே செய்யும்போது ஒரு வீச்சின் மேல் இன்னொன்று ஏறிய இடம் கறுத்துப் பட்டையாகத் தெரியும் என்பது அங்கே கூடுதல் தலைவலி. அச்சில் மை விழும் அளவை உருளைகளே பார்த்துக்கொள்கின்றன.

சிவகாசியின் வறண்ட காற்று பட்டாசுக்கும் தீக்குச்சிக்கும் உதவியது போலவே அச்சுக்கும் உதவுகிறது. ஆனால் ஆடிப்பெருக்கன்று மாதிரி ஆல்பம் வெளியிட்டு ஆர்டர் பிடித்த காலண்டர் வேலை, ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான் உச்சத்தில் இருக்கும். ஷீட்டின் ஒரு பக்கம் ஈரம் குடிக்கும் அட்டை, மறுபக்கம் குடிக்காத படலம். அட்டை விரிய, ஷீட் படலத்தின் பக்கமாகச் சுருளும். சுருண்ட ஷீட் மெஷினின் பிடிக்குள் ஒழுங்காக நுழையாது, நிறங்களின் பொருத்தம் விலகும்.

வாடிக்கையாளருக்கு மாதிரி காட்டுவதும் சுலபமல்ல. கணினித் திரையில் உலோகம் வெறும் சாம்பல் நிறம். 45 டிகிரியில் ஒளி பாய்ச்சி நேர் மேலிருந்து அளக்கும் சாதாரண நிறமானி, கண்ணாடி போலத் திரும்பும் ஒளியைத் தவறவிட்டுப் பளபளப்பான பொன்னைக் கறுப்பாகக் கணக்கிடும். கோள அமைப்புள்ள கருவி வேண்டும். அது இல்லாத இடத்தில் உண்மையான ஃபாயிலிலேயே சில ஷீட் ஓட்டி, வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து ஒப்புதல் வாங்குகிறார்கள்.

வெயிலில் முதலில் வெளுப்பது வழக்கமாக மஞ்சளும் மெஜந்தாவும். ஜன்னலோரம் மாட்டிய காலண்டரின் கிரீடம் பொன்னிலிருந்து மெல்ல வெள்ளிக்குத் திரும்பும். ஓராண்டில் கிழித்து முடிக்கும் தினசரி காலண்டருக்கு இது பெரிய குறையில்லை. ஆண்டு முடிந்தபின் அட்டை பழைய பேப்பர் கடைக்குப் போகும்போதுதான் வேறு கணக்கு: பிளாஸ்டிக் படலம் ஒட்டிய அட்டையைக் கூழாக்குவது கடினம். அலுமினியப் பூச்சை மட்டும் அட்டைக்கு மாற்றிவிட்டுப் படலத்தை உரித்தெடுக்கும் முறை இதற்காகவே வந்தது. அதன் மேலும் விழுவது அதே மஞ்சள் மைதான்.