ஒரே இயந்திரம், ஆறு பேர் வேலை

1910ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதிப் பஞ்சாலையில் ஒரு தொழிலாளி முடித்த வேலைக்குப் பிரிட்டனில் ஒன்றரைப் பேர் தேவைப்பட்டனர். ஜெர்மனியில் இரண்டு பேருக்கு மேல். இந்தியா, சீனா, ஜப்பான், கிரீஸ் நாடுகளில் ஏறக்குறைய ஆறு பேர். பொருளாதார வரலாற்றாசிரியர் கிரிகரி கிளார்க் 1987இல் வெளியிட்ட ஆய்வு தரும் கணக்கு இது. சில நாடுகள் செல்வத்தில் முந்தியதும் மற்றவை பின்தங்கியதும் ஏன் என்று ஆராய்பவர்களுக்குப் பஞ்சாலையைப் போலத் தோதான இடம் வேறில்லை. ஏனென்றால், இந்த நாடுகளின் ஆலைகளில் ஓடிய இயந்திரங்களிடையே பெரிய வித்தியாசம் இருக்கவில்லை.

பம்பாயின் முதல் பஞ்சாலைக் கம்பெனியை காவஸ்ஜி நானாபாய் டாவர் 1854இல் தொடங்கினார். இயந்திரங்கள் இங்கிலாந்தின் லங்காஷயரிலிருந்து வந்தன. ஓல்டாம் நகரின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனம் பணம் கட்டிய எவருக்கும், எந்த நாட்டுக்கும் நூற்பு இயந்திரம் அனுப்பியது. அதை நிறுவி ஓட்டிக் காட்டும் ஆங்கிலேய மேலாளர்களும் பொறியாளர்களும் கப்பலேறி வந்தார்கள். ஆகவே தொழில்நுட்பம் எட்டாததால் இந்தியா பின்தங்கியது என்ற விளக்கம் இங்கே எடுபடாது.

வேறுபாடு ஆலைக்குள், ஆட்களை நிறுத்திய விதத்தில் இருந்தது. ரிங் ஃபிரேம் என்ற நூற்பு இயந்திரத்தின் இரு பக்கமும் கதிர்கள் வரிசையாகச் சுழலும். சைடர் எனப்பட்ட தொழிலாளியின் வேலை அந்த வரிசையோரம் நடந்துகொண்டே இருப்பது. எங்கே இழை அறுகிறதோ அங்கே கதிரை நிறுத்தி, அறுந்த முனையைப் பிடித்து ஒட்டிவிட்டு நகர்வது. ஒருவர் எத்தனை பக்கங்களைப் பார்க்கலாம் என்பது இழை எவ்வளவு அடிக்கடி அறுகிறது என்பதைப் பொறுத்தது. பம்பாயில் பொதுவாக ஆளுக்கு ஒரு பக்கம். நெசவுப் பகுதியிலும் இதே கதைதான்: பம்பாய் நெசவாளி இரண்டு தறிகளைப் பார்த்தார், லங்காஷயர் நெசவாளி நான்கை. நார்த்ராப் தானியங்கித் தறி வந்த பிறகு அமெரிக்க நெசவாளி பதினாறு, இருபது தறிகள்வரை கவனித்தார்.

கூலி மலிவு என்பதால் முதலாளிகள் ஆட்களைக் கூட்டிக்கொண்டார்கள் என்பது பாதி விடைதான். இந்தியப் பருத்தி குட்டை இழை கொண்டது; அதிலும் மலிவான பஞ்சை வாங்கி ஓட்டினால் இழை அடிக்கடி அறும். ஆள் எடுப்பதும் நிறுத்துவதும் ஜாபர் எனப்பட்ட மேஸ்திரியின் கையில் இருந்தன. வேலைக்குச் சேர அவருக்குப் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. வேலையை இழந்தால் மறுபடி கொடுக்க வேண்டும். நிரந்தர வேலை கிடைக்காதவர்கள் பத்லி எனப்பட்ட மாற்றாட்களாக ஆலை வாசலில் நின்றார்கள். இப்படி நடந்த ஆலையில், கூடுதலாக ஓர் இயந்திரத்தை ஏற்றுக்கொள்ளத் தொழிலாளிக்கு என்ன காரணம் இருந்தது?

வெப்பம், உடல்வாகு, சோம்பல் என்று காலனிய காலத்தில் சொல்லப்பட்ட காரணங்களைப் பொய்யாக்கியது ஜப்பான். 1910 கணக்கில் ஜப்பானும் இந்தியாவும் ஒரே வரியில்தான் நிற்கின்றன; பின்னர் ஜப்பான் முந்திச் சென்றது. தொழிலதிபர் ஷிபுசாவா எய்ச்சி முன்னின்று தொடங்கிய ஒசாகா நூற்பாலை 1883இல் ஓடத் தொடங்கியது. சில ஆண்டுகளில் மின்விளக்கு போட்டு இரவு ஷிப்டும் ஓட்டினார்கள். ஜப்பானிய ஆலைகள் மியூல் என்ற பழைய நூற்பு இயந்திரங்களைக் கைவிட்டு வேகமாக ரிங் ஃபிரேமுக்கு மாறின. இந்திய, அமெரிக்க, சீனப் பஞ்சைக் கவனமாகக் கலந்து இழை அறுவதைக் குறைத்தன. 1893இல் கோபேவுக்கும் பம்பாய்க்கும் இடையே ஜப்பானியக் கப்பல் போக்குவரத்து தொடங்கியது. அதற்குத் துணைநின்ற ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் நோக்கம் இந்தியப் பஞ்சுக்கான கப்பல் கட்டணத்தைக் குறைப்பது. 1897இல் ஜப்பானின் நூல் ஏற்றுமதி அதன் இறக்குமதியை மிஞ்சியது. டொயோடா சகிச்சியின் தானியங்கித் தறி 1924இல் முழுமை பெற, 1929இல் அதன் உரிமையை விலைக்கு வாங்கியது அதே பிளாட் பிரதர்ஸ்.

இந்த வளர்ச்சிக்கு உழைத்தவர்கள் கிராமங்களிலிருந்து கூட்டிவரப்பட்ட இளம்பெண்கள். ஆலை விடுதிகளில் அடைபட்டு இரவெல்லாம் நின்றார்கள். காசநோய் பலரைக் கொண்டுபோனது. பெண்களின் நள்ளிரவு வேலை 1929இல்தான் நின்றது. உற்பத்தித்திறன் உயர்ந்த கணக்கைச் சொல்லும்போது இந்த விலையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஜப்பானியப் பெண்கள் சில ஆண்டுகளில் ஊர் திரும்பிவிடுவார்கள் என்பதால், ஆட்குறைப்பால் அவர்களுக்கு இழப்பு குறைவு என்கிறார் ஆய்வாளர் சூசன் வோல்காட். பம்பாய்த் தொழிலாளிக்கு ஆலைதான் வாழ்க்கை; ஒருவர் இரண்டு பக்கம் பார்த்தால் பக்கத்தில் நிற்பவர் தெருவுக்கு வருவார். 1928இல் சில பம்பாய் ஆலைகள் நெசவாளிக்கு மூன்று தறி, சைடருக்கு இரண்டு பக்கம் என்று மாற்ற முயன்றன. ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வேலைநிறுத்தம் செய்தார்கள். கிர்னி காம்கார் என்ற ஆலைத் தொழிலாளர் சங்கம் வளர்ந்தது அந்தப் போராட்டத்தில்தான். சிறந்த பஞ்சுக்கோ கூடுதல் கூலிக்கோ மாற்று வேலைக்கோ உறுதி தராமல் சுமையை மட்டும் ஏற்றிய திட்டத்தை அவர்கள் எதிர்த்ததில் வியப்பில்லை.

1933இல் ஜப்பான் பருத்தித் துணி ஏற்றுமதியில் பிரிட்டனையே முந்தியது. அதே ஆண்டு இந்திய அரசு பிரிட்டன் அல்லாத நாடுகளின் துணிக்கு 75 சதவீத வரி விதிக்க, ஜப்பான் இந்தியப் பஞ்சைப் புறக்கணித்தது. 1934 ஒப்பந்தத்தில் அந்தப் பூசல் தணிந்தது. வரிப் பாதுகாப்பில் இந்திய ஆலைகள் உள்நாட்டுச் சந்தையைத் தக்கவைத்தன. ஆனால் வளர்ச்சி பம்பாயைவிட்டு, கூலி குறைந்த நகரங்களுக்கு நகர்ந்தது. பைக்காரா நீர்மின் திட்டத்தின் மின்சாரம் 1930களில் வந்ததும் கோயம்புத்தூரில் நூற்பாலைகள் அடுத்தடுத்து எழுந்தன.