நத்தார் விடுமுறையில் பிள்ளையுடன் கொழும்புக்கு: போய்த் திரும்பி வருதல்

டிசம்பர் பாடசாலை விடுமுறை நெருங்கும்போது, மீளக்குடியமர்ந்த குடும்பங்கள் பல எங்கள் களப் பணியாளர்களிடம் ஒரே விடயத்தை விசாரிக்கின்றன. "பிள்ளையைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா? இப்போதுதானே வீட்டுக்கு வந்தோம்?" என்று கேட்கிறார்கள். சிலருக்குப் புறக்கோட்டைக் கடையில் வேலை செய்யும் தம்பியைப் பார்க்க வேண்டும். இடம்பெயர்ந்த காலத்தில் அடைக்கலம் தந்த உறவினர் சிலரை வரச் சொல்லியிருப்பார்கள். சிலருக்குப் பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் கிளினிக் இருக்கும். வேறு சில வீடுகளில், தொலைக்காட்சியில் நத்தார் மின்விளக்குகளைப் பார்த்த பிள்ளையின் ஆசை மட்டுமே காரணமாக இருக்கும்.

தாராளமாகப் போகலாம். ஆனால் இடம்பெயர்ந்து வாழ்ந்த பிள்ளைக்குப் பயணம் என்பது மற்றப் பிள்ளைகளுக்கு இருப்பதைப் போன்றதல்ல. அதை முன்கூட்டியே விளங்கிக்கொள்ள இக்கட்டுரை உங்களுக்கு உதவும்.

பையைக் கட்டுவதற்கு முன்

சம்மாந்துறைப் பக்கம் ஒரு தாய் எங்களிடம் சொன்ன சம்பவம் இது. கொழும்புக்குப் போவதற்காக அவர் துணிப்பையை எடுத்து வைத்தார். ஏழு வயது மகன் ஒன்றும் பேசாமல் தன் பாடசாலைப் புத்தகங்கள் எல்லாவற்றையும் கொண்டுவந்து பைக்குப் பக்கத்தில் அடுக்கினான். பிறகு குசினிக்குப் போய்த் தேநீர்க் கேத்தலையும் தூக்கிக்கொண்டு வந்தான். "நாலு நாளைக்குத்தானே மகன் போறோம், இதெல்லாம் எதுக்கு?" என்று உம்மா கேட்டார். "அப்ப திரும்பி வருவமா?" என்று அவன் கேட்டான்.

2004 கடல்கோளோ, யுத்தமோ, 2011 ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் வந்த வெள்ளமோ, எதனால் உங்கள் குடும்பம் வெளியேறியிருந்தாலும், பை கட்டுவது என்றால் வீட்டை விட்டுப் போவது என்று பிள்ளை பழகியிருக்கலாம். ஆகவே, புறப்படுவதற்கு இரண்டு மூன்று நாட்களுக்கு முன்னரே பின்வருவனவற்றைச் செய்யுங்கள்.

• போகும் திகதியை மட்டும் சொல்லாமல், திரும்பி வரும் திகதியையும் சொல்லுங்கள். நாட்காட்டியில் இரண்டையும் பிள்ளையே வட்டமிடட்டும்.
• பிள்ளைக்கு விருப்பமான பொருள் ஒன்றை வீட்டில் விட்டுச் செல்லுங்கள். எதை விடுவது, எங்கே வைப்பது என்று பிள்ளையே முடிவெடுக்கட்டும். வந்து எடுப்பதற்கு ஒன்று இருக்கிறது என்பது பிள்ளைக்குப் பெரிய ஆறுதல்.
• கோழி, ஆடு, பூமரம் இருந்தால், யார் பார்த்துக்கொள்வார் என்று பிள்ளைக்கு முன்னால் வைத்துப் பேசிக்கொள்ளுங்கள்.
• சொன்ன திகதியில் திரும்பி வாருங்கள். உறவினர் "இன்னும் ரெண்டு நாள் நில்லுங்க" என்று சொன்னாலும், பிள்ளைக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள். தவிர்க்க முடியாமல் பிந்தினால், காரணத்தையும் புதிய திகதியையும் பிள்ளையிடம் சொல்லுங்கள்.

வீடும் பத்திரங்களும்

டிசம்பர் நமக்கு மாரி காலம். வீட்டை விட்டுச் செல்லும்போது, காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், வீட்டுத் திட்டக் கடிதங்கள், வங்கிப் புத்தகம் ஆகியவற்றைப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி உயரமான இடத்தில் வையுங்கள். முடிந்தால் நம்பிக்கையான உறவினரிடம் ஒப்படையுங்கள். தேசிய அடையாள அட்டையையும், பிள்ளையின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரப் பிரதியையும், கிளினிக் புத்தகம் இருந்தால் அதையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.

பக்கத்து வீட்டாரிடமும் கிராம உத்தியோகத்தரிடமும் போகும் திகதி, வரும் திகதி இரண்டையும் சொல்லி வையுங்கள். வீட்டு வேலையையோ பதிவையோ பார்க்க வருபவர்கள், வீடு பூட்டியிருப்பதைக் கண்டு நீங்கள் அங்கு குடியிருக்கவில்லை என்று எண்ணிவிடக் கூடாது.

கொழும்பில் ஆவண வேலை ஏதும் இருந்தால் 24ஆம் திகதிக்கு முன்னரே முடித்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 25 அரச விடுமுறை நாள்.

போகும் வழி

கல்முனையிலிருந்து கொழும்புக்கு இரவு பஸ்கள் ஓடுகின்றன. நத்தார் வாரத்தில் ஆசனங்கள் விரைவாக நிரம்பிவிடும். வருவதற்கான ஆசனத்தையும் போகும்போதே பதிவு செய்யுங்கள். அந்தப் பயணச்சீட்டைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். திரும்பி வருவோம் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. புகையிரதத்தில் போக விரும்புவோர், கல்முனையிலிருந்து சுமார் 40 கிலோமீற்றர் தூரத்திலுள்ள மட்டக்களப்புக்குச் சென்று அங்கிருந்து கொழும்புக் கோட்டைக்குப் போகலாம். கடும் மழையில் வீதியும் தண்டவாளமும் தடைப்படுவதுண்டு. புறப்படும் நாளில் வானொலிச் செய்தியைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

இரவுப் பயணத்தில் பிள்ளை திடுக்கிட்டு விழித்து, "எங்க போறோம்?" என்று கேட்டால் கோபிக்க வேண்டாம். முன்னொரு இரவில் காரணம் சொல்லாமல் தூக்கிக்கொண்டு ஓடிய நினைவு அதற்குள் இருக்கலாம். "மாமா வீட்டுக்குப் போறோம், ஞாயிற்றுக்கிழமை நம்மட வீட்டுக்கு வந்திடுவோம்" என்று நாளைக் குறிப்பிட்டே சொல்லுங்கள்.

"இது நம்மட பெருநாளா?"

கொழும்பில் இறங்கியதும் நட்சத்திரக் கூடுகளும் நத்தார் மரங்களும் பிள்ளையின் கண்ணில் படும். கொட்டாஞ்சேனையில் புனித லூசியா பேராலயமும், கொச்சிக்கடையில் எல்லா மதத்தவரும் போய்வரும் அந்தோனியார் கோவிலும் இருக்கின்றன. வழியில் வைக்கோலும் பொம்மைகளும் வைத்த பாலன் குடிலைப் பார்த்துப் பிள்ளை நின்றுவிடலாம். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இதில் விளக்கம் தேவைப்படாது. முஸ்லிம், இந்துப் பிள்ளைகள் கேட்டால், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகாமல் பதில் சொல்லுங்கள்.

முஸ்லிம் பிள்ளைக்கு, "கிறிஸ்தவ ஆக்கள் இயேசு பிறந்த நாளைக் கொண்டாடுறாங்க. நாம அவரை ஈஸா நபி என்று சொல்றோம். அவருடைய உம்மா மர்யமின் பெயரிலே குர்ஆனில் ஒரு அத்தியாயம் இருக்கு" என்று சொல்லலாம். இந்துப் பிள்ளைக்கு, "நமக்குத் தைப்பொங்கல் மாதிரி அவங்களுக்கு இது" என்றால் விளங்கும். நோன்புக் கஞ்சியும் பொங்கலும் வேலி தாண்டிப் போகும் ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு, அடுத்த வீட்டாரின் பெருநாளை மதிப்பது புதிய பாடமல்ல.

கடைகளின் முன்னால் சிவப்பு உடுப்பும் வெள்ளைத் தாடியுமாக நத்தார் தாத்தா நிற்பார். மூத்த சகோதரியைத் தாத்தா என்று அழைக்கும் வீட்டுப் பிள்ளைகள், தாடி வைத்த தாத்தாவைக் கண்டு சிரிப்பார்கள். சின்னப் பிள்ளைகள் சிலர் பயந்து அழுவார்கள். படம் எடுப்பதற்காகப் பிள்ளையைப் பலவந்தமாக அவரிடம் கொடுக்க வேண்டாம்.

வெடிச் சத்தம்

டிசம்பர் 24 நள்ளிரவிலும் 31 நள்ளிரவிலும் கொழும்பில் சீனவெடி கொளுத்துவார்கள். கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை போன்ற நெருக்கமான பகுதிகளில் சத்தம் சுவருக்குச் சுவர் மோதி எதிரொலிக்கும். யுத்த காலத்தை அறிந்த பிள்ளைக்கும், ஏன் உங்களுக்குமே, இது கடினமான நேரமாக இருக்கலாம்.

மாலையிலேயே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்: "இன்றைக்கு ராவு பன்னிரண்டு மணிக்கு வெடிச் சத்தம் கேட்கும். சந்தோசத்துக்குக் கொளுத்துவாங்க. கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும்." சத்தம் கேட்கும்போது பிள்ளையின் பக்கத்தில் இருங்கள். பயப்படும் பிள்ளையைப் பார்த்து "ஆம்பிளப் பிள்ளை பயப்படலாமா" என்று யாரும் கேலி செய்யாதபடி, வீட்டுக்காரரிடம் முன்னரே சொல்லி வையுங்கள். பிள்ளை விரும்பினால் மறுநாள் காலையில் வெடித்த காகிதத் துண்டுகளைக் கூட்டிக் காட்டலாம். சத்தம் எங்கிருந்து வந்தது என்று கண்ணால் கண்டால் பயம் குறையும். வெடிக்காமல் கிடக்கும் வெடியை மட்டும் தொட விட வேண்டாம்.

சனநெரிசலில்

நத்தாருக்கு முந்திய நாட்களில் புறக்கோட்டையில் கால் வைக்க இடமிருக்காது. இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிவாசலைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். 1909இல் கட்டி முடிக்கப்பட்ட பள்ளி அது. சுற்றி எங்கு நின்றாலும் "சிவப்புப் பள்ளி எங்கே?" என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். தொலைந்தால் சந்திக்கும் இடமாக அதையே வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று மிக முக்கியம். உங்கள் பிள்ளையிடம் "எந்த ஊர்? எங்க இருக்கிறீங்க?" என்று இன்று கேட்டுப் பாருங்கள். சில பிள்ளைகள் முகாமின் பெயரைச் சொல்கிறார்கள். சிலர் அடைக்கலம் புகுந்த பாடசாலையைச் சொல்கிறார்கள். பல இடம் மாறிய பிள்ளைக்கு எந்த முகவரி தன்னுடையது என்று தெளிவில்லை. பயணத்துக்கு முன் பின்வருவனவற்றை மனப்பாடமாக்குங்கள்.

• பிள்ளையின் முழுப் பெயர், தாய் தகப்பனின் பெயர்
• இப்போதைய ஊர், வீதி
• ஒரு கைத்தொலைபேசி இலக்கம்

அதே இலக்கத்தையும் கொழும்பில் தங்கும் வீட்டு இலக்கத்தையும் ஒரு கடதாசியில் எழுதிப் பிள்ளையின் உள் பையில் வையுங்கள். பெயரைச் சட்டைக்கு வெளியே தெரியும்படி எழுத வேண்டாம். பெயர் சொல்லி அழைப்பவரைப் பிள்ளை தெரிந்தவர் என்று நம்பிவிடும். வழி தவறினால் ஓடாமல் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், பொலிஸ் உத்தியோகத்தரிடமோ பிள்ளையுடன் நிற்கும் ஒரு தாயிடமோ சொல்ல வேண்டும் என்று பழக்குங்கள். பொலிஸ் அவசர அழைப்பு 119. சிறுவர் பாதுகாப்புக்கான தொலைபேசிச் சேவை 1929. இவ்விரண்டையும் உங்கள் தொலைபேசியில் பதிந்துகொள்ளுங்கள்.

செலவைப் பார்த்துச் செய்யுங்கள்

வீடு கட்டவோ தொழில் தொடங்கவோ கிடைத்த பணத்தைப் பயணத்துக்கு எடுக்க வேண்டாம். இந்தப் பயணத்துக்கென்று ஒரு தொகையை ஒதுக்கி, அதைத் தனியாக முடிந்து வையுங்கள். பிள்ளைக்கும் ஒரு சிறு தொகையைக் கையில் கொடுத்து, "இதற்குள் விரும்பியதை வாங்கு" என்றால், ஒவ்வொரு கடை வாசலிலும் அழுகை இருக்காது. தங்கும் வீட்டாருக்குக் கொழும்பில் விலை கொடுத்து எதுவும் வாங்கத் தேவையில்லை. மருதமுனைச் சாரம் ஒன்றும் ஊர் அரிசியும் தயிரும் அவர்களுக்குப் பெரிய பரிசு. இவ்வளவு காலம் வாங்கும் கையாக இருந்த குடும்பம் கொடுக்கும் கையாக மாறியதைப் பிள்ளையும் பார்க்கட்டும்.

விகாரமகாதேவிப் பூங்காவில் விளையாட இடமுண்டு. பக்கத்தில் 1877இல் திறக்கப்பட்ட தேசிய நூதனசாலை இருக்கிறது. தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்குக் கட்டணம் உண்டு. அங்கு போவதானால் வேறு இடம் வைத்துக்கொள்ளாமல் ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். காலிமுகத்திடலில் பட்டம் விடலாம், இறால் வடை தின்னலாம். அந்தக் கடற்கரை நடைபாதை 1859இல் முடிக்கப்பட்டபோது, கொழும்பின் பெண்களுக்காகவும் சிறுவர்களுக்காகவும் அதைப் பேணும்படி கல்வெட்டில் எழுதி வைத்தார்கள்.

டிசம்பர் 26

காலிமுகத்திடலுக்குப் போவதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். நத்தாருக்கு மறுநாள்தான் கடல் நம் ஊர்களுக்குள் வந்தது. இலங்கையிலேயே மிகக் கூடுதலான உயிர்களை அம்பாறை மாவட்டம் அன்று இழந்தது. இன்று 26ஆம் திகதி தேசிய பாதுகாப்பு தினமாக அனுஷ்டிக்கப்படுகிறது. காலை 9.25 முதல் 9.27 வரை நாடு முழுவதும் இரண்டு நிமிட மௌனம் கடைப்பிடிக்கப்படும்.

அந்த நாளில் ஊரில், உங்கள் சனங்களோடு இருக்க விரும்பினால் 25ஆம் திகதி இரவே புறப்படுங்கள். கொழும்பில் நிற்பதானால், அந்த இரண்டு நிமிடமும் குடும்பமாக ஒன்றாக நில்லுங்கள். இழந்தவர்களின் பெயரைச் சொல்லிப் பிரார்த்தனை செய்யுங்கள். கடல்கோளுக்குப் பின் பிறந்த பிள்ளையும் வீட்டில் பேசப்படாத அந்தத் துக்கத்தை அறிந்தே இருக்கும். காரணத்தை எளிய வார்த்தைகளில் சொல்வது, சொல்லாமல் விடுவதைவிட நல்லது.

கடலுக்குக் கிட்டப் போகப் பிள்ளை மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். புல்வெளியில் நின்று பட்டம் விட்டாலே போதும். அடுத்த முறை இன்னும் நாலடி கிட்டப் போகலாம். ஊருக்கு வந்த பின்னும் நித்திரையின்மை, படுக்கையில் சிறுநீர் கழித்தல், பேசாமல் ஒதுங்கியிருத்தல் என்பன சில வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால், உங்கள் பகுதி வைத்தியசாலையில் காட்டுங்கள். அது வெட்கப்பட வேண்டிய விடயமல்ல.

திரும்பி வரும் நாள்

வீட்டுக்கு வந்து சேரும்போது விடிந்தும் விடியாமலும் இருக்கும். களைப்பில் பிள்ளையைத் தோளில் போட்டபடியே உள்ளே போய்விடாதீர்கள். எழுப்புங்கள். திறப்பைப் பிள்ளையின் கையில் கொடுத்துக் கதவைத் திறக்கச் சொல்லுங்கள். விட்டுச் சென்ற பொருள் வைத்த இடத்திலேயே இருக்கிறதா என்று பிள்ளை போய்ப் பார்க்கட்டும். பிறகு இருவருமாக நாட்காட்டியில் வட்டமிட்ட நாளை வெட்டிவிடுங்கள்.

அந்த ஏழு வயது மகனின் உம்மா கேத்தலைத் திரும்ப அடுப்பங்கரையில் வைத்துவிட்டுத்தான் புறப்பட்டார். வந்ததும் முதல் வேலையாக அதிலேதான் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைத்ததாகச் சொன்னார்.