ஒரே லினோவில் ஒரு குறிஞ்சிச் சரிவு

2018இல் கொடைக்கானல் சரிவுகளில் குறிஞ்சி பூத்தது. அடுத்த பூப்பு 2030இல். அந்த ஊதா மலையைப் பல வண்ண அச்சாக மாற்ற இயந்திரம் வேண்டாம். லினோலியத் துண்டு, சில உளிகள், ரப்பர் ரோலர், தேய்க்க ஒரு மரக்கரண்டி போதும்.

மேடாக நிற்கும் இடத்தில் மட்டுமே மை ஒட்டும். செதுக்கிய பள்ளம் காகித நிறத்திலேயே நின்றுவிடும். தண்டி யாத்திரைக் காந்தியை நந்தலால் போஸ் 1930இல் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டதும் இப்படித்தான்.

வண்ணத்துக்கு ஒரு கட்டை செதுக்குவது பழைய வழி. ஜப்பானில் சுசுகி ஹருநோபு 1765 வாக்கில் அதை முழு வண்ண அச்சாக வளர்த்தார். 1950களின் இறுதியில் தென் பிரான்சில் பிக்காசோ பெரிதும் கையாண்டதோ, ஒரே லினோவைச் செதுக்கிச் செதுக்கி அச்சிடும் முறை. பழகுபவர்களுக்கு இதையே சொல்வேன். செலவு குறைவு, உளியை வைக்குமுன் யோசிக்கவும் வைக்கும்.

முதலில் வெள்ளையாக நிற்க வேண்டிய மூடுபனியைச் செதுக்கி எடுங்கள். மீதியில் வெளிர்நீலம் பூசி எல்லாத் தாள்களிலும் அச்சிடுங்கள். அடுத்து, நீலமாகவே இருக்க வேண்டிய வானத்தையும் தூர மலையையும் செதுக்கிவிட்டு, அதே தாள்களில் ஊதா. பிறகு பூக்களைச் செதுக்கி எடுத்து, எஞ்சிய சோலைக்காட்டுக்குக் கரும்பச்சை. வெளிறிய நிறம் முன்னே, அடர்நிறம் பின்னே. படம் இடவலம் மாறி விழும் என்பதால் கோட்டுப்படத்தைத் திருப்பிப் போட்டு லினோவில் நகலெடுக்க வேண்டும்.

மலைக்குளிரில் லினோ விறைத்து உளிக்கு அடங்காது. சற்று வெயிலில் வைத்தால் இளகும். உளி போகும் திசையில் மற்றக் கையை ஒருபோதும் வைக்காதீர்கள். மையை மெல்லியதாக உருட்டினால் ரோலரில் 'சர்' என்ற சன்ன ஒலி கேட்கும். சளசளவென்றால் மை கூடிவிட்டது, நுண்ணிய கோடுகள் அடைந்துபோகும்.

வண்ணங்கள் விலகாமல் விழுவதுதான் கடினம். பலகையில் லினோவை அசையாமல் பொருத்தி, அட்டைத் துண்டுகளால் ஒரு மூலை ஒட்டி, ஒவ்வொரு முறையும் தாளின் அதே மூலையை அங்கே முட்டவையுங்கள். பனிக்காற்றின் ஈரத்தில் காகிதம் லேசாக விரியும், எண்ணெய் மையும் தாமதமாகவே உலரும். மழைக்காலத்தில் அடுத்த வண்ணத்துக்கு அவசரப்பட வேண்டாம்.

பட்டறையில் கூட்டாகச் செய்வதன் பெரிய வசதி இங்கேதான். ஒருவர் மை உருட்டட்டும், மை படாத கையோடு இன்னொருவர் தாள் பிடிக்கட்டும்.

எத்தனை பிரதி என்பதை முதல் வண்ணத்திலேயே முடிவு செய்யுங்கள். பழுதாகும் தாள்களுக்காகச் சில கூடுதலாகவே போடுங்கள். ஊதாவுக்குச் செதுக்கிய பிறகு அந்த லினோவில் நீலத்தை மறுபடி எடுக்க முடியாது. பன்னிரண்டு பிரதிகளில் நான்காவதென்றால் அச்சின் கீழே பென்சிலால் 4/12 என்று எழுதிக் கையெழுத்திடுவது வழக்கம்.