டிராகன் தேடி வந்த பெண்



சீனப் புத்தாண்டு ஊர்வலத்தில் பலர் சேர்ந்து கழிகளில் தூக்கி ஆட்டும் கடல்நாகத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மேல்நாட்டுக் கதைகளில் வரும் டிராகன் வேறு வகை. அதற்குச் சிறகு உண்டு, நெருப்பைக் கக்கும். அதன் முதுகில் ஏறிப் பறக்கப் பயிற்சி பெறும் இளையோரின் காதல் கதைகள் இன்று ஆங்கில நாவல் உலகில் சக்கைப்போடு போடுகின்றன. உங்கள் வீட்டுப் பெண்ணின் தலையணைக்கு அடியிலும் ஒன்று இருக்கக்கூடும்!

அமெரிக்க எழுத்தாளர் ரெபெக்கா யாரோஸ் 2023-இல் எழுதிய 'ஃபோர்த் விங்' இவற்றுள் பெரும்புகழ் பெற்றது. அதன் மூன்றாம் பாகமான 'ஓனிக்ஸ் ஸ்டார்ம்' 2025 ஜனவரியில் வெளிவந்து, முதல் வாரத்திலேயே 27 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அப்படி என்னதான் இருக்கிறது அதில்?

கதாநாயகி வயலட்டுக்கு வயது 20. சிறிய உருவம். எளிதில் மூட்டு நழுவும்; எலும்பு முறியும். ஏடுகளைக் காக்கும் பணிக்கே அவள் தன்னைத் தயார் செய்திருந்தாள். தளபதியான தாயோ அவளை டிராகன் வீரர் பயிற்சிக்கு அனுப்பிவிடுகிறாள். உள்ளே நுழையவே, மிக உயரத்தில் ஓர் ஒடுங்கிய கற்பாதையைக் கடக்க வேண்டும். கால் இடறினால் மரணம்தான்!

டிராகன்கள் தங்கள் வீரரைத் தாமே தேர்ந்தெடுக்கும் நாள் வருகிறது. சிறிய பொன்னிற டிராகன் ஒன்றைக் கொல்லச் சிலர் நெருங்குகிறார்கள். வயலட் தனியாளாக நின்று அவர்களைத் தடுக்கிறாள். அப்போதுதான் எல்லாரும் அஞ்சும் பெரிய கறுப்பு டிராகன் வந்து இவளைத் தேர்ந்தெடுக்கிறது.

வாசகியரைக் கட்டிப்போடுவது இந்த இடம்தான். மனிதர்கள் அவளுடைய உடம்பை எடை போட்டார்கள். டிராகன் உள்ளத்தை எடை போட்டது. அதன் பிறகு அது அவளோடு மனத்துக்குள்ளேயே பேசுகிறது. வாய்விட்டுச் சொல்லாமலே நம்மைப் புரிந்துகொள்ளும் துணையை யார்தான் விரும்பமாட்டார்கள்?

காதலும் உண்டு. வயலட்டின் தாயால் மரண தண்டனைக்கு ஆளான கிளர்ச்சித் தலைவனின் மகன்தான் காதலன். இருவருடைய டிராகன்களும் ஒன்றுக்கொன்று துணை. நெடுநாள் பிரிந்திருக்க இயலாதவை. எனவே பகையாளிகளான இவர்களும் பிரிய முடியாது. எப்படிப்பட்ட முடிச்சு, பார்த்தீர்களா!

இன்னொன்றையும் கவனியுங்கள். டிராகன் கிடைத்ததும் வயலட்டின் நோய் மாயமாய் மறைந்துவிடவில்லை. மூட்டுகளுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு, கீழே விழாமலிருக்கச் சேணம் பூட்டியே பறக்கிறாள். ஆசிரியர் யாரோஸும் இணைப்புத் திசுக்களைத் தளர்த்தும் ஏலர்ஸ்-டான்லோஸ் நோயுடன் வாழ்பவர். வலியோடு வேலைக்குப் போகும் பெண்களுக்கு இது வெறும் மாயக்கதையாகத் தோன்றுமா?

இது முற்றிலும் புதிய கதையும் அன்று. 1968-இல் வெளிவந்த ஆன் மெக்காஃப்ரியின் 'டிராகன்ஃப்ளைட்' நாவலில், அடுக்களை எடுபிடியாக ஒளிந்து வாழ்ந்த லெஸ்ஸாவைத்தான் பொன்னிற ராணி டிராகன் ஏற்றுக்கொண்டது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: யாரோஸின் நாவல்கள் வயது வந்தோருக்காக எழுதப்பட்டவை. படுக்கையறைக் காட்சிகளும் கொலைகளும் உண்டு. அட்டையில் டிராகன் இருக்கிறதே என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

வளர்ந்த பெண் படித்தால், "இதெல்லாம் வீண்கனவு" என்று திட்டாதீர்கள். அவளோடு உட்கார்ந்து ஒன்றை மட்டும் பேசுங்கள். டிராகன் வந்ததால் வயலட்டுக்குத் துணிவு வரவில்லை. அவள் துணிந்து நின்ற பிறகே டிராகன் வந்தது!