வயசானா கர்ப்பப்பை ஏன் ஹார்மோன் பேச்சைக் கேட்பதில்லை? எலிகள் சொல்லும் உண்மை

"வயசாகுது, ஹார்மோன் குறையுது, அதான் பிரச்னை." பலரும் இப்படித்தான் நினைக்கிறோம். ஆனா, பெண் எலிகளிடம் நடந்த ஆய்வுகளைப் பார்த்தால் அது பாதிக் கதைதான். ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் கர்ப்பப்பை எப்படி இருக்கு என்பதுதான் மீதிக் கதை.

ரிசப்டர் என்றால் என்ன?

ஹார்மோன் ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்க ஓடுகிறது. ஆனால், அதைப் பிடித்துக்கொள்ளும் புரதம் உள்ள செல்லில்தான் அது வேலை செய்யும். அந்தப் புரதம்தான் ரிசப்டர். சிக்னல் வந்தாலும் செட்டாப் பாக்ஸ் இல்லைன்னா படம் தெரியாது இல்லையா? அது மாதிரிதான்.

இதைக் காட்டிக்கொடுத்ததும் எலிதான். 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் சிகாகோவில் எல்வுட் ஜென்சன் என்ற விஞ்ஞானி, கதிரியக்க அடையாளம் சேர்த்த ஈஸ்ட்ரோஜனை இளம் பெண் எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தார். பல உறுப்புகளில் இருந்து அது சீக்கிரமே வெளியேறியது. கர்ப்பப்பையோ அதை விடாமல் பிடித்து வைத்திருந்தது.

எலிக்கும் மெனோபாஸ் வருமா?

நமக்கு வருவது போல வராது. பெண்களுக்குக் கருமுட்டை இருப்பு தீர்வதால் மாதவிடாய் நிற்கிறது. எலிக்கு 4 அல்லது 5 நாளுக்கு ஒருமுறை சினைச் சுழற்சி வரும். ஒரு வயதை நெருங்கும்போது அது தடுமாறத் தொடங்கும். அப்போதும் முட்டைகள் மிச்சம் இருக்கும். ஆனால், 'முட்டையை வெளியே விடு' என்று மூளையில் இருந்து வரும் உத்தரவு பலவீனமாகிவிடும்.

முட்டை வெளியேறாததால் புரொஜெஸ்ட்ரோன் உயராது. ஈஸ்ட்ரோஜன் மட்டும் தொடர்ந்து சுரக்கும். பிறகு பல எலிகளில் இது தலைகீழாகி, புரொஜெஸ்ட்ரோன் கை ஓங்கும். கடைசியில் இரண்டுமே அடங்கிவிடும்.

கர்ப்பப்பைக்குள் என்ன நடக்குது?

* கொலாஜன் என்ற நார்ப்புரதம் சேர்ந்து, கர்ப்பப்பைச் சுவர் இறுகுகிறது.
* கருவைத் தாங்குவதற்கு உட்சுவர் தயாராகும் திறன் குறைகிறது.
* ரிசப்டர்களின் கணக்கும் மாறுகிறது. புரொஜெஸ்ட்ரோன் ரிசப்டர் உருவாகத் தூண்டுவது ஈஸ்ட்ரோஜன். ஈஸ்ட்ரோஜன் ரிசப்டரைக் குறைப்பது புரொஜெஸ்ட்ரோன். ஒன்று தடுமாறினால் மற்றதும் தடுமாறும்.

2017-ல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்று சுண்டெலிகளில் இதைத் தெளிவாகக் காட்டியது. வயதான சுண்டெலிகளின் கருக்களை எடுத்து இளம் சுண்டெலியின் கர்ப்பப்பையில் வைத்தபோது, அவை நன்றாகவே வளர்ந்தன. வயதான கர்ப்பப்பையின் உட்சுவர் செல்கள் புரொஜெஸ்ட்ரோனுக்குச் சரியாகப் பதில் தராததுதான் சிக்கல்.

பெண்களுக்கு இதில் என்ன பாடம்?

எலியில் நடப்பதை அப்படியே பெண்களுக்குப் பொருத்தக் கூடாது. தானமாகப் பெற்ற கருமுட்டை மூலம் மெனோபாஸுக்குப் பிறகும் குழந்தை பெற்றவர்கள் இருக்கிறார்கள். மனிதர்களில் முட்டையின் வயதுதான் பெரிய காரணம்.

ஆனால் ஒரு விஷயம் பொது. புரொஜெஸ்ட்ரோன் துணை இல்லாமல் ஈஸ்ட்ரோஜன் மட்டும் நீண்டகாலம் வேலை செய்தால், கர்ப்பப்பையின் உட்சுவர் தடிக்கும். அது புற்றுநோய் வரை போகலாம். அதனால்தான் கர்ப்பப்பை உள்ள பெண்களுக்கு ஹார்மோன் சிகிச்சை தரும்போது, டாக்டர்கள் ஈஸ்ட்ரோஜனோடு புரொஜெஸ்ட்ரோனையும் சேர்த்துத் தருகிறார்கள். யாரோ சொன்னாங்கன்னு நீங்களா ஹார்மோன் மாத்திரை வாங்கிச் சாப்பிடாதீங்க.

மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்த பிறகு லேசாக ரத்தம் பட்டாலும், 'வயசானா அப்படித்தான்' என்று விட்டுவிட வேண்டாம். உடனே மகப்பேறு மருத்துவரைப் பாருங்க.

இன்னொன்றையும் நினைவில் வையுங்க: ரத்தப் பரிசோதனை காட்டுவது எவ்வளவு ஹார்மோன் ஓடுகிறது என்பதை மட்டும்தான். அதைக் கர்ப்பப்பை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பது அந்த ரிப்போர்ட்டில் இருக்காது.